பற்றும் உரிமையும்: பிளாக்பெரி தரும் பாடம்

2013 ஜனவரியில் பிளாக்பெரி 10 இயங்குதளம் வெளியானபோது, ஐபோனும் ஆண்ட்ராய்டும் சந்தையில் வேரூன்றிவிட்டன. எனினும் பொத்தான் விசைப்பலகையில் பழகிய விரல்களும், தகவல் பாதுகாப்பில் நம்பிக்கை கொண்டோரும் அத்தளத்தை விட்டு அகலவில்லை. பயனர் குறையச் செயலி உருவாக்குவோர் விலகினர். செயலி குறையப் பயனர் மேலும் குறைந்தனர். 2015இல் அந்நிறுவனமே ஆண்ட்ராய்டில் இயங்கும் ‘பிரிவ்’ கைப்பேசியை வெளியிட்டது. 2017 முடிவில் வாட்ஸ்அப் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2022 ஜனவரி 4 முதல் பழைய கருவிகளில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட உறுதியில்லை என்ற நிலை வந்தது.

இறுதிவரை நின்றோரின் கருவிகள் பழுதாகவில்லை. அவற்றுக்கு உயிரளித்த சேவையகங்களே நிறுத்தப்பட்டன. விலை கொடுத்து வாங்கியது கருவியை மட்டுமே. அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை ஒருபோதும் பயனரிடம் இருந்ததில்லை.