நீலி, காட்டேரி, வாட்ஸ்அப்

ஆம்பூரில் ரயில் ஏறிச் சென்னை போகிறவர்கள் அரக்கோணம் தாண்டியதும் திருவாலங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகள் பெரியமேட்டு மண்டிகளுக்குப் போய்வந்த வழியும் இதுதான். திருவாலங்காட்டை ஒட்டியிருக்கிறது பழையனூர். தமிழ்ப் பேய்களுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று உண்டென்றால், அது இந்த ஊர்.

காசியிலிருந்து கூட்டிவந்த மனைவியைத் திருவாலங்காட்டு வழியில் கணவன் கொன்றுவிட்டான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி என்னும் பேய். அவன் கையில் மந்திரக் கத்தி இருந்ததால் அவளால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர் வேளாளர்கள் எழுபது பேர் முன்னால் வந்து நின்றாள். "இவர் என் புருஷன், சேர்ந்து வாழ மறுக்கிறார்" என்று அழுதாள். சபை அவளை நம்பியது. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு" என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே அறையில் தங்க வைத்தார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் உயிரை விட்டார்கள்.

ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தக் கதையைத் தொட்டுச் செல்கிறார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நாம் சொல்லிவரும் கதை இது. வேளாளர்களின் வாய்மைக்கு ஊரில் மண்டபமே இருக்கிறது. கொலையுண்ட பெண்ணுக்குக் கிடைத்ததோ "நீலிக் கண்ணீர்" என்ற பழமொழி மட்டும். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது என்பதைக் கதையே சொல்கிறது. பழமொழி அதை மறந்துவிட்டது.

மறக்காதவர்கள் சமணர்கள். காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலைக் குகையிலும், ஆற்காட்டை அடுத்த பஞ்சபாண்டவர் மலையிலும் இன்றும் சமணச் சுவடுகள் இருக்கின்றன. அவர்கள் எழுதிய, ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில் இதே பழையனூர் நீலிதான் நாயகி. முனிச்சந்திரர் என்ற துறவியை மிரட்ட வந்து, முடியாமல் போய், அவரிடமே அறம் கேட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு வாதம் செய்கிறாள். உடலைத் தவிர உயிர் என்று தனியாக ஒன்று இல்லை என்று சாதிக்கும் பூதவாதியிடம் மட்டும் பழைய பேய் உருவத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறாள். பேயைத் தத்துவவாதியாக்கிய இந்தத் துணிச்சலுக்கு இணையாக உலகப் பேய்க்கதைகளில் நான் இன்னொன்றைக் கண்டதில்லை.

ஐரோப்பாவில் கதை வேறு திசையில் போயிற்று. 1725-ல் செர்பியாவின் கிசிலோவா கிராமத்தில் பீட்டர் பிளோகோஜோவிட்ஸ் என்ற விவசாயியின் சடலத்தைத் தோண்டி எடுத்து, நெஞ்சில் கழு ஏற்றி எரித்தார்கள். செத்தபின் எழுந்து ரத்தம் உறிஞ்சும் 'வேம்பையர்' அவன் என்றும், அடுத்தடுத்து வந்த சாவுகளுக்கு அவன்தான் காரணம் என்றும் ஊர் நம்பியது. இப்படிப் பிணங்களைத் தோண்டுவதை 1755-ல் ஆஸ்திரிய அரசி மரியா தெரசா தடை செய்தார். புதைகுழியில் கிடந்த அந்த ஏழைப் பிணத்தை 1819-ல் ஆங்கில எழுத்தாளர் போலிடோரியின் கதை கனவானாக மாற்றியது. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் அவனை டிராகுலாப் பிரபு ஆக்கினார். இடையில் 1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் நம் வேதாளத்தையும் 'வேம்பையர்' என்று பெயர் சூட்டி ஆங்கிலத்தில் இறக்கினார். முருங்கை மரத்தில் தொங்கிப் புதிர் போடும் வேதாளம் யாருடைய ரத்தத்தையும் உறிஞ்சியதில்லை.

டிராகுலா தமிழுக்கு வந்தபோது நாம் அதற்கு வைத்த பெயர் ரத்தக் காட்டேரி. காட்டேரி வட தமிழகத்தில் எத்தனையோ குடும்பங்களின் தெய்வம். கருவுற்ற பெண்ணின் ரத்தத்தையும் கருவையும் தீண்டுவாள் என்ற பயம் உண்டு. அதனால்தான் பம்பை, உடுக்கை முழங்க அவளை அழைத்து, சோறும் கறியும் கருவாடும் படைத்து, 'பிள்ளையைக் காப்பாற்று தாயே' என்று கும்பிடுகிறார்கள். காத்து கருப்புக்கு லாரியில் பழைய செருப்பைக் கட்டும் ஊர்க்காரர்களே காட்டேரிக்கு இலை போட்டு விருந்தும் வைப்பார்கள். விரட்ட வேண்டியது எது, உபசரிக்க வேண்டியது எது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். திரையில் வந்த காட்டேரிக்கோ கோரைப்பல் மட்டுமே மிஞ்சியது. அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025-ல் வெளியான 'லோகா' என்ற மலையாளப் படம், கேரளக் கதைகளில் வரும் யட்சியான கள்ளியங்காட்டு நீலியை அநீதியை எதிர்க்கும் நாயகியாக்கியது. அது நீலகேசி ஏற்கெனவே நடந்த வழி என்பதால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் நம் மாவட்டங்களில் பேய் எடுத்த கடைசி உருவம் சினிமாவில் வந்ததல்ல. 2018-ல் பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் பக்கம் வட இந்தியர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். மே 9 அன்று, போளூரை அடுத்த அத்திமூரில், காரில் வந்த ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்தவர்கள் கூட்டம் சேர்த்துத் தாக்கியதில் அறுபத்தைந்து வயது மூதாட்டி இறந்துபோனார். அந்தக் குடும்பம் வந்தது குலதெய்வத்தைக் கும்பிட. பழையனூர் சபை இரு தரப்பையும் உட்காரவைத்து விசாரித்தது, தீர்ப்பு பிழைத்தபோது தன் உயிரையே கொடுத்தது. அத்திமூரில் விசாரிக்க யாரும் காத்திருக்கவில்லை. ஏராளமானவர்களைப் போலீஸ் கைது செய்தது. வதந்தியை நம்ப வேண்டாம் என்று காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது.

சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்கள் காட்டேரியையும் கூடவே கொண்டுபோனார்கள். கயானாவில் அவளுக்கு இன்றும் பூசை நடக்கிறது. கடல் கடந்த அந்தக் காட்டேரியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)