சாப்பாட்டுக் காசு எங்கே நின்றது?

கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியில் கால்டன் என்றொரு பேட்டை. அங்கே தூய மரியாள் பங்கு ஆலயத்தின் மண்டபத்தில் 1887 நவம்பர் 6 அன்று ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்குப் பணம் திரட்டித் தருவதே அதன் முதல் வேலை என்று தொடங்கியவர்கள் எழுதியே வைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 1897இல், அதே கழகம் லிமிடெட் கம்பெனியாகப் பதிவானது. இன்று கால்பந்து பார்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த செல்டிக் அதுதான். இடைப்பட்ட பத்தாண்டில் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு எங்கே தடம் மாறியது என்பதுதான் என் கேள்வி.

இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கழகத்தின் மூளையாக இருந்த மரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃபிரிட் 1890களின் தொடக்கத்தில் லண்டனுக்கு மாற்றப்பட்டார், அவர் போனதும் வியாபாரிகளின் கை ஓங்கியது, தர்மம் நின்றது. கேட்க நிறைவான கதை. ஆனால் ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் கதை இடறுகிறது.

முதலில், சாப்பாடு ஏன் தேவைப்பட்டது? 1872இல் ஸ்காட்லாந்தில் கல்விச் சட்டம் வந்து பள்ளிப்படிப்பைக் கட்டாயமாக்கியது. கத்தோலிக்கப் பள்ளிகள் அரசு வாரியத்துக்குள் போகாமல் 1918 வரை வெளியே நின்றன. செலவில் பெரும்பகுதியைப் பங்கு மக்களே சுமந்தார்கள். அந்த மக்களோ பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும். பிள்ளை பட்டினியாக வந்தால் பாடம் ஏறாது. வராமலே இருந்தால் கூலிவேலைக்குப் போய்விடும். சோறு போடும் வேற்றுச் சபைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுமோ என்ற கவலை வேறு. 1840இல் ஸ்லைகோ மாவட்டத்தில் ஆண்ட்ரூ கெரின்ஸாகப் பிறந்த வால்ஃபிரிட், திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியர். பஞ்சகாலத்தில் பிள்ளையாக இருந்தவருக்குப் பசியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூய மரியாள் பள்ளியின் தலைமையாசிரியர் சகோதரர் டொரோதியுஸும் அவரும் வின்சென்ட் தே பவுல் சபையாரின் துணையோடு ஒரு பென்னிச் சாப்பாட்டை நடத்தினார்கள். இலவசம் என்ற கூச்சம் பெற்றோருக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒரு பென்னி.

அடுத்த தடயம், 1888 ஜனவரியில் கழகம் வெளியிட்ட சுற்றறிக்கை. செல்டிக் பற்றிய வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும் தாள் இது. இதில் மூன்று நோக்கங்கள் உள்ளன. மூன்று பங்குகளின் சாப்பாட்டு மேசைகளுக்குப் பணம் தருவது முதலாவது. இதையே தலையாய நோக்கம் என்கிறது அறிக்கை. கிழக்கே ஹைபர்னியன் அணி செய்வதுபோல மேற்கு ஸ்காட்லாந்துக் கத்தோலிக்கர்களுக்குப் பெருமை தேடித்தரும் அணியைத் திரட்டுவது இரண்டாவது. பங்கு இளைஞர்கள் ஓடியாடி உடம்பைத் தேற்றிக்கொள்ள விசாலமான மைதானம் அமைப்பது மூன்றாவது.

பலரும் முதல் நோக்கத்தை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் வேறொன்றைத் தேடினேன்: இந்த அறிக்கை பணம் கேட்கிறதே, எதற்குக் கேட்கிறது? வரப்போகும் பருவத்துக்குள் மைதானத்தைச் சீர்செய்யக் கேட்கிறது. பசித்த பிள்ளைகளின் பெயரால் திரட்டிய முதல் நன்கொடை மண்ணுக்கும் வேலிக்கும் போகவேண்டிய பணம். மைதானம் வந்தால் டிக்கெட் விற்கும், டிக்கெட் விற்றால் சாப்பாடு வரும் என்ற கணக்கில் தவறில்லை. ஆனால் வசூலில் எத்தனை விழுக்காடு சாப்பாட்டுக்கு என்று அறிக்கை சொல்லவில்லை. நோக்கத்துக்கு வரிசை இருக்கிறது. காசுக்கு வரிசை இல்லை.

இரண்டாம் நோக்கத்தின் வேரைத் தேடினால் எடின்பரோவுக்குப் போகவேண்டும். கௌகேட் பகுதியின் தூய பேட்ரிக் பங்கில் அருள்தந்தை எட்வர்ட் ஹானன் கத்தோலிக்க இளைஞர் சங்கத்தை நடத்திவந்தார். ஊர் 'குட்டி அயர்லாந்து' என்று அழைத்த அந்தச் சந்துகளில் இளைஞர்களைச் சாராயக்கடையிலிருந்து இழுத்துவர அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. 1875இல் அந்தச் சங்கத்திலிருந்து பிறந்ததுதான் ஹைபர்னியன். சங்க உறுப்பினராக இருந்தால்தான் ஆடமுடியும். அதாவது பூசைக்கு ஒழுங்காக வரவேண்டும், குடியைத் தொடக்கூடாது. ஐரிஷ்காரர் அணி என்று ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அந்த அணிதான் 1887இல் டம்பார்ட்டனை 2-1 என வென்று ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கியது. வென்றவர்களுக்குக் கால்டன் மண்டபத்திலேயே விருந்து நடந்தது. சில மாதங்களில் அதே மண்டபத்தில் செல்டிக் பிறந்தது.

இனி தேதிகளைக் கவனியுங்கள். 1888 மே 8: தொண்டர்கள் கூலி வாங்காமல் பாடுபட்டு உருவாக்கிய மைதானம் ஹைபர்னியன் ஆடிய ஆட்டத்தோடு திறக்கப்படுகிறது. மே 28: செல்டிக் தன் முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸை 5-2 என வெல்கிறது. சில வாரங்களில் ஹைபர்னியனின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கிளாஸ்கோவுக்கு வந்து சேர்கிறார்கள். ரெண்டன் அணியின் நட்சத்திரம் ஜேம்ஸ் கெல்லியும் அதே காலத்தில் செல்டிக் பக்கம் வருகிறார். ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது 1893 வரை விதிமீறல். அப்படியிருக்க, வெறும் தர்மத்துக்காக இத்தனை பேர் ஊர் மாறினார்களா? மேசைக்கு அடியில் பணம் கைமாறியது என்று வரலாற்றாளர்கள் சொல்வதற்கு வலுவான சான்று கெல்லியின் பின்னாள் வாழ்க்கை: மதுக்கடை உரிமையாளரானார், பிறகு செல்டிக்கின் இயக்குநரானார், தலைவரும் ஆனார். குடியைத் துறந்தால்தான் ஆடலாம் என்று ஹானன் விதித்த சங்கத்தின் வழியில் வந்த கழகத்துக்கு இப்படியொரு தலைவர்!

இதெல்லாம் நடந்தபோது வால்ஃபிரிட் கிளாஸ்கோவில்தான் இருந்தார். ஆகவே அவர் ஊரைவிட்டுப் போனதால் பாதை மாறியது என்ற விளக்கம் இங்கே உடைகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் செலவு வந்து நின்றது முதல் பருவத்திலேயே. அந்தச் செலவுக்கு ஒரு நியாயமும் இருந்தது: தோற்கும் அணியைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? முதல் ஆண்டுகளில் சாப்பாட்டு மேசைகளுக்கு நல்ல தொகை போகவே செய்தது. ஆனால் அது ஆட்டக்காரர், பயணம், மைதானம் எல்லாம் போக எஞ்சிய தொகை.

எஞ்சுவது எப்படிச் சுருங்கியது என்பதற்கு வாடகை ஒன்றே போதும். ஆண்டுக்கு 50 பவுண்டாக இருந்ததை நிலக்காரர் 450 ஆக்கினார். கழகம் செழிப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. செல்டிக் பக்கத்திலிருந்த பழைய செங்கல்சூளைப் பள்ளத்தைக் குத்தகைக்கு எடுத்து, வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பியது. 1892 மார்ச்சில் ஐரிஷ் நிலப்போராட்டத் தலைவர் மைக்கேல் டேவிட் வந்து டோனகலிலிருந்து கொண்டுவந்த புல்கட்டியை அங்கே பதித்தார். இனிமேல் அந்தப் பள்ளத்துக்கும் தீனி போட்டாக வேண்டும்.

லிமிடெட் கம்பெனி ஆக்கவேண்டும் என்ற பேச்சு உறுப்பினர் கூட்டங்களில் சில ஆண்டுகள் இழுபட்டது. எதிர்த்தவர்கள் தர்மத்தின் பெயரால் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் கடனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். 1897இல் இரண்டாம் தரப்பு வென்றது. அன்றுமுதல் எஞ்சும் பணத்துக்குச் சட்டப்படி உரியவர்கள் பங்குதாரர்கள். பென்னிச் சாப்பாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

மூன்றாம் நோக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதேயில்லை. 1897இல் செல்டிக் மைதானத்தின் ஓடுதளத்தில் உலக சைக்கிள் போட்டி நடந்தது. பங்கு இளைஞர்கள் உடம்பைத் தேற்ற என்று கேட்டு வாங்கிய மைதானத்தில், அவர்கள் டிக்கெட் வாங்கிப் பிறர் ஓடுவதைப் பார்த்தார்கள். சேவை ஒருபக்கம் நின்றதென்றால், இளைஞர் விளையாட்டு என்ற பகுதியும் கூடவே நின்றுபோயிற்று. பிழைத்தது அணி மட்டும்.

ஹைபர்னியனின் முடிவு வேறு. ஆட்டக்காரர்களை இழந்து, 1891இல் ஹானனும் இறந்து, கழகம் படுத்தேவிட்டது. மறுபடி எழுந்தபோது பங்கு உறுப்பினர் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. ஒன்று வென்றதால் பங்கை விட்டு நகர்ந்தது, மற்றொன்று தோற்றதால்.

லண்டன் போன வால்ஃபிரிட் அங்கே பெத்னல் கிரீன், போ பகுதிகளின் வெறுங்கால் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் நடத்தினார். 1915இல் இறந்தார். செல்டிக் தன் தர்ம நோக்கத்துக்கு முறையான வடிவம் கொடுத்தது 1995இல், தனி அறநிதி ஒன்றைத் தொடங்கியபோது. அந்த ஏற்பாட்டில் தர்மப் பணத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அணியின் செலவு அதற்குள் கைவைக்க முடியாது. 1888இல் பங்கு மண்டபத்தில் கூடிய யாரும் கெட்டவர்களாக இருந்ததற்குச் சான்றில்லை. அவர்களிடம் அந்தத் தனிக் கணக்கு இல்லை, அவ்வளவுதான். இளைஞர் விளையாட்டின் வழியே தொண்டு செய்யப் புறப்படும் எந்தப் பங்கும் அணியின் பெயரைத் தேடுவதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது வசூலில் எத்தனை பங்கு யாருக்கு என்பதை.