காலாவதி தேதி மட்டும் போதாது: கோடையில் மருந்துகளைப் பாதுகாப்பது எப்படி?

புது தில்லி: மருந்தின் மீது அச்சிடப்பட்டுள்ள காலாவதி தேதி, அதில் குறிப்பிட்டுள்ள வெப்பநிலையில் அம்மருந்து வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும்.

பெரும்பாலான மாத்திரைகளுக்கு 25 அல்லது 30 டிகிரி செல்சியஸே உச்சவரம்பாகக் குறிப்பிடப்படுகிறது. ஆனால், தில்லி சஃப்தர்ஜங் வானிலை ஆய்வு மையத்தில் 2024 மே 29-ஆம் தேதி 46.8 டிகிரி வெப்பம் பதிவானது.

வெப்பம் உயரும்போது மருந்தின் மூலப்பொருள் விரைவாகச் சிதைகிறது. நிறமோ மணமோ மாறாமலேயே வீரியம் குறையக்கூடும்.

புதிய மருந்துகளின் ஆயுட்காலத்தை நிர்ணயிக்க, இந்தியாவில் 30 டிகிரியில் நீண்டகாலச் சோதனையும், 40 டிகிரியில் 6 மாத விரைவுச் சோதனையும் நடத்தப்படுகின்றன. மருந்துகளின் தன்மை கெடாமல் பாதுகாக்கும் வசதி மருந்துக்கடைகளில் இருக்க வேண்டும் என்பது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் நிபந்தனை.

திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பநிலையில் சுமார் 4 வாரங்கள் தாங்கும். எனினும், அந்த அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. உறைந்துபோன இன்சுலின், பின்னர் உருகினாலும் பயன்படாது. எனவே, அதை ஃபிரீசரில் வைக்கக் கூடாது.

மாத்திரைகளைச் சமையலறை, ஜன்னலோரம், நிறுத்திவைத்த கார் ஆகிய இடங்களில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். வெப்பத்தில் இருந்த மருந்தை மருந்தாளுநரிடம் காட்டிய பின்னரே உட்கொள்வது நல்லது.