கயிற்றை யார் பிடிக்கிறது? முத்துக்குளிப்புத் தோணியில் இருந்து ஸ்கூபா படகு வரை

திருமுருகன்பூண்டியில் இருந்து பேசுறேன். எங்க ஊர்ல இருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். அப்புறம் எதுக்கு இன்னைக்குப் படகு பத்திப் பேசணும்னு கேப்பீங்க. இதே நொய்யல் கரையில, கிழக்கே கொடுமணல்ல நடந்த அகழாய்வுகள்ல சங்கு வளையல்களும், சங்கு அறுத்து மீந்த துண்டுகளும் கிடைச்சிருக்கு. அந்த வகைச் சங்குக்குப் பேர்போன இடம் மன்னார் வளைகுடா. ஆக, சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஆத்தங்கரையில ஒரு பொண்ணு வளையல் போட்டிருந்தா, அதுக்காக யாரோ ஒருத்தர் மூச்சை அடக்கிக் கடலுக்குள்ள இறங்கியிருக்கார். அவரை ஒரு படகு கொண்டுபோய் இறக்கி, திரும்பவும் ஏத்தியிருக்கு.

அந்தப் படகை எப்படித் தயார் செய்தார்கள்? சங்குகுளிப்பைவிட முத்துக்குளிப்பு பத்தித்தான் நிறைய எழுதி வெச்சிருக்காங்க. 1803-ல் ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இலங்கை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வருகிற கணக்கு இது: ஒரு தோணியில் தண்டல் ஒருவர், அவருக்குக் கீழே 20 பேர். அந்த இருபதில் குளிப்பவர்கள் பத்துப் பேர்தான். மீதிப் பத்துப் பேர் துடுப்புப் போட்டு, மேலே இருந்து கயிறு இழுப்பவர்கள். ஐந்து பேர் இறங்குவார்கள். அவர்கள் ஏறிய பிறகு அடுத்த ஐந்து பேர்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிங்க. கீழே போற ஒவ்வொருத்தருக்கும் மேலே ஒருத்தர். படகுல இடம் எவ்வளவு முக்கியம்னு யோசிச்சா, பாதி ஆளைக் குறைச்சு இன்னும் நாலு பேரைக் குளிக்க விடலாமேன்னு தோணும். அப்படிச் செய்யலை.

ஏன்னா முறை அப்படி. கருங்கல்லைக் கூம்பு மாதிரி செதுக்கி, மேல்முனையில் துளை போட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். குளிப்பவர் அந்தக் கயிற்றைக் கால் விரலால் பற்றிக்கொண்டு, கல்லின் பாரத்தோடு முத்துப் பாருக்கு இறங்குவார். கூடவே ஒரு வலைப்பை, கையில் இன்னொரு கயிறு. சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டு, மூச்சு முட்டும்போது கையில் இருக்கிற கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை இப்படி இறங்கினார்கள் என்று பெர்சிவல் எழுதுகிறார். அத்தனை முறையும் அந்த ஆள் கவனமா இருந்தாகணும். ஒரு தடவை பராக்குப் பார்த்தா முடிஞ்சது.

அதனாலதான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு வழக்கம் சொல்வாங்க: கயிற்றைப் பிடிக்கிறது மச்சான், அதாவது மனைவியோட கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதுன்னு நினைக்கிறவன் கையிலதான் கயிறு பத்திரமா இருக்கும். கல்லு, வலை, பாய்மரம் எல்லாத்துக்கும் முன்னாடி தீர்மானிச்ச விஷயம் அது.

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955-ல் இருந்து 1961 வரை நடந்தது. அதோட சரி. அந்தக் காலகட்டத்தில்தான் உலகம் முழுக்க ஸ்கூபா பரவிக்கொண்டிருந்தது. ஜாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் 1943-ல் பிரான்சில் அக்வாலங் கருவியை உருவாக்கிய பிறகு, கயிறே தேவையில்லாமல் போனது.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். முதுகுல கட்டுற சிலிண்டர்ல இருக்கிறது சாதாரணமா ஆக்ஸிஜன் இல்லை. அழுத்தி அடைச்ச காற்று. அந்தக் காலத்துக் குளிப்பாளர் மேலே இழுத்த மூச்சோட போனார், அதை அடக்கியே ஆகணும். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

இப்போ ஒரு சின்னச் சொந்தப் படகை இதுக்குத் தயார் செய்யணும்னா என்ன வேணும்? ஒரு அலுமினிய சிலிண்டர் கிட்டத்தட்ட 15 கிலோ. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு என்றால் 180 கிலோ. அலையில் உருளாதபடி இரண்டு பக்கமும் சமமாகக் கட்ட வேண்டும். பாரத்தோடு ஏற ஏணி, ‘கீழே ஆள் இருக்கு’ என்று சொல்லும் கொடி, முதலுதவிக்குச் சுத்தமான ஆக்ஸிஜன், ரேடியோ வேண்டும். நங்கூரத்தைப் பவளப் பாறையில் போடாமல் மணலில் போட வேண்டும். இதெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிறவை.

காசுக்குக் கிடைக்காதது ஒன்று இருக்கு. 1998 ஜனவரி 25-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு டைவிங் படகு கரை திரும்பியது. ஒரு அமெரிக்கத் தம்பதி இன்னும் தண்ணிக்குள்ள இருந்தாங்க. தலை எண்ணியதில் தப்பு. அவர்கள் பைகள் படகிலேயே கிடப்பதைக் கவனித்து, ஆள் இல்லை என்று உணர்ந்தபோது இரண்டு நாள் ஆகிவிட்டது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அந்தப் படகில் கருவிகளுக்குக் குறை இல்லை.

நம்ம மன்னார் வளைகுடாவிலும் இன்னைக்கு சங்கு குளிக்கிற சிலர் வள்ளத்துல கம்ப்ரஸர் வெச்சு, குழாய் வழியா மூச்சு விடுறாங்க. என்ஜின் புகை காற்று உறிஞ்சுற இடத்துக்குப் போனா, கீழே இருக்கிறவருக்கு விஷம்தான் போகும். ரொம்ப நேரம் கீழே இருந்துட்டு வேகமா ஏறினா, ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி உண்டாகி கை கால் விழுந்துடும். இரண்டுக்கும் முதல் காவல் மேலே உட்கார்ந்திருக்கிற ஆள்தான். காற்று எந்தப் பக்கம் வீசுதுன்னு அவர் பார்க்கணும், நேரத்தை அவர் எண்ணணும்.

அதனால படகு வாங்கப் போறவங்க, இல்ல விடுமுறையில டைவிங் போறவங்க, கருவியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘நாங்க எல்லாரும் கீழே இருக்கும்போது படகுல யார் இருப்பாங்க, எங்களை யார் எண்ணுவாங்க?’ பதில் சொல்லத் தயங்கினா, அந்தப் படகுல ஏறாதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.