சேமிப்புக் கணக்கு வட்டி (இந்தியா)

வங்கிச் சேமிப்புக் கணக்கின் இருப்புக்குக் கிடைக்கும் வட்டி. 2011 அக்டோபர் 25 முதல் இவ்விகிதத்தை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்துகொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வங்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் தேவை அதன் பின்னரே எழுந்தது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருப்புக்கு ஒரு வங்கி ஒரே விகிதம்தான் தர வேண்டும். அதற்கு மேல் அடுக்கு அடுக்காக மாறலாம்.

விளம்பரங்களில் பெரிதாகத் தெரியும் எண் பெரும்பாலும் மேல் அடுக்குக்கு உரியது. லட்சம் வரை 3%, அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 7% என்று வைத்துக்கொள்வோம். 1,50,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 3,000 + 3,500 = 6,500 ரூபாய், அதாவது சுமார் 4.33% மட்டுமே. சிறுசேமிப்பாளர் ஏமாறும் இடம் இதுதான்.

முன்பு மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கிடைத்தது. இடையில் ஒருநாள் பணம் எடுத்தாலும் இழப்புதான். 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்பே கணக்கில் கொள்ளப்படுகிறது; சம்பளதாரருக்கு இது பெரும் நன்மை.

வணிகர்களுக்கான நடப்புக் கணக்குக்குப் பொதுவாக வட்டி இல்லை. இணையவழிக் கணக்கானாலும் கிளையில் தொடங்கியதானாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரையே வைப்புக் காப்பீடு உண்டு.