நகத்தின் வடிவமும் வெட்கத்தின் வரலாறும்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கும் மங்கலம்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் கையுழைப்பால் வாழ்பவை. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் களிமண் குழம்பை அச்சில் வார்ப்பதும், பதமாகக் காய்ந்த பொம்மையின் விளிம்பைச் சீவுவதும், ஈரப் பஞ்சால் துடைப்பதும் விரல்களின் வேலை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைப்பவர்களின் விரல்களை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் அரிக்கிறது. இப்படி உழைக்கும் கைகளில் நகம் தேயும், பிளக்கும், கறுக்கும். உழைப்பால் வரும் மாற்றம் இது. பிறவியிலேயே குட்டையாகவும் அகலமாகவும் அமைந்த கட்டைவிரல் நகமும், உள்ளே குழிந்த நகமும், கூடுபோல் வளைந்த நகமும் தனி. இத்தகைய நகம் உள்ளவர்கள், பெண்கள் குறிப்பாக, நாலு பேர் கூடும் இடத்தில் விரலை மடக்கிக்கொள்வதை எந்த ஊரிலும் காணலாம். இந்த வெட்கத்தை இயல்பானது என்று ஏற்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. நகத்தைப் பேணிய மரபு ஒன்று இங்கே இருந்தது. நகத்தைப் பார்த்து ஆளை எடைபோட்ட மரபு இன்னொன்று. வெட்கம் இந்த இரண்டாவது மரபிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எடைபோட்ட மரபின் சாட்சிகள் வெளிப்படையானவை. மனுஸ்மிருதியின் 3ஆம் அத்தியாயம் சிராத்தத்துக்கு அழைக்கத் தகாதவர்களின் பட்டியலில் கெட்ட நகம் உடையவனையும் சேர்க்கிறது. 11ஆம் அத்தியாயம் அதற்குக் காரணமும் கற்பிக்கிறது: பொன்னைத் திருடியவனுக்கு வரும் தண்டனையாம் அந்த நகம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, உமி போன்ற நகம் ஆண்மைக் குறைவையும், தட்டையாகப் பிளந்த நகம் வறுமையையும், செந்நிற நகம் படைத்தலைமையையும் காட்டும் என்கிறது. சாமுத்திரிகா லட்சணம் என்ற பெயரில் பெண் பார்க்கும் வீடு வரை வந்து சேர்ந்தது இந்தச் சிந்தனைதான். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பிழையும் அல்ல. குட்டையாக அகன்ற கட்டைவிரலுக்கு ஐரோப்பியக் கைரேகைக்காரர்கள் கொலைகாரன் கட்டைவிரல் என்றே பெயர் சூட்டினார்கள். இன்றைய மருத்துவம் அதை, விரல் நுனி எலும்பு சற்றுக் குட்டையாக அமையும், குடும்பத்தில் வழிவழியாக வரும் கூறு என்று அறிந்திருக்கிறது. அதனால் கைக்கு எந்தக் குறையும் இல்லை. குணத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை.

பேணிய மரபு வேறு வகையில் பேசியது. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம், காதலில் நகக்குறி பதிப்பதைச் சொல்லும் இடத்தில் நல்ல நகத்தின் குணங்களை அடுக்குகிறது: சமமானது, ஒளியுள்ளது, அழுக்கற்றது, பிளவுபடாதது, வளரக்கூடியது, மென்மையானது, பளபளப்பானது. அகலமா, குறுகலா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அதே இடத்தில் அந்நூல் கௌட (வங்காள) நாட்டாரின் நகம் நீளமானது என்றும், தென்னாட்டாரின் நகம் குட்டையானது, வேலையைத் தாங்கக்கூடியது என்றும் குறிக்கிறது. குட்டை நகம் அங்கே குறையாகச் சொல்லப்படவில்லை; வேலைக்கு ஏற்றது என்ற சிறப்போடு சொல்லப்படுகிறது. நம் வீடுகளின் வழக்கமும் இதை ஒட்டியே வந்திருக்கிறது. இந்துக்கள் வெள்ளிக்கிழமையிலும் விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்ட மாட்டார்கள். முஸ்லிம்களுக்கோ ஜும்ஆ நாளான வெள்ளியில் நகம் களைவது விரும்பத்தக்கது. நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்பதும் அவர்கள் மரபு. நாள் பற்றி இருவரும் மாறுபட்டாலும், கவலை காலத்தையும் தூய்மையையும் பற்றியது; வடிவத்தைப் பற்றியது அல்ல. மருதாணியும் அப்படித்தான். இலையில் உள்ள சாயப்பொருள் நகத்தின் புரதத்தோடு பிணைந்து சிவப்பைத் தருகிறது. அகன்ற நகத்துக்கும் ஒடுங்கிய நகத்துக்கும் அது ஒரே நிறத்தைத்தான் கொடுக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. நகம் களையும் வேலையைச் செய்தவர் ஊர் நாவிதர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல், அந்தச் சமூகத்து ஆண்கள் புண்ணுக்கு வைத்தியம் பார்த்ததையும் பெண்கள் பிரசவம் பார்த்ததையும் பதிவு செய்கிறது. மற்றவர் உடலைத் தொட்டுச் சுத்தம் செய்தவர்களையே சமூகம் தாழ்த்தி வைத்தது. அவர்களின் கூலியும் ஊரார் தயவில் இருந்தது. அப்படிப்பட்ட ஏற்பாட்டைப் பேணும் மரபு என்று போற்றலாமா? அந்த ஏற்பாட்டைப் போற்றக் கூடாது. அது போனது நல்லதே. ஆனால் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்த அறிவை மதிப்பது அவர்களை மதிப்பதாகும். எந்த நகத்தையும் அதன் வளைவை ஒட்டி, தசையைக் கீறாமல் களைவது ஒரு தேர்ந்த கலை. நகத்தை வைத்து ஆளைத் தாழ்த்திய சிந்தனையும் நகம் களைந்தவரைத் தாழ்த்திய சிந்தனையும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதை மறக்கலாகாது.

20ஆம் நூற்றாண்டில் வெட்கத்துக்குப் புதிய ஊற்று ஒன்று கிடைத்தது. அமெரிக்காவின் க்யூடெக்ஸ் 1917இல் திரவ நகப்பூச்சை விற்கத் தொடங்கியது. ரெவ்லான் 1932இல் வந்தது. டாடா குழுமத்தின் லாக்மே 1952இல் இந்தியாவில் பிறந்தது. பூச்சு நிறத்தை விற்றாலும், அதன் விளம்பரப் படங்களில் வந்த கை எப்போதும் ஒரே மாதிரி இருந்தது: நீண்டு, ஒடுங்கி, வேலையே பார்க்காத கை. சாத்திரம் விதியின் பெயரால் சொன்னதை விளம்பரம் அழகின் பெயரால் சொன்னது. நகப்பூச்சு மகிழ்ச்சி தருகிறதே என்று கேட்கலாம். தாராளமாகத் தரட்டும். நிறத்தை விரும்புவது பழைய ஆசை, அதில் தவறில்லை. நகத்தை வேறொருவர் நகம்போல் ஆக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் தவறு.

வடிவத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்றால் நோயைத் தவறவிட மாட்டோமா என்பது இன்னொரு கேள்வி. இதற்கு விடை, பிறவி வடிவத்தையும் பின்னால் ஏற்படும் மாற்றத்தையும் பிரித்தறிவதில் இருக்கிறது. விரல் நுனி உருண்டு நகம் கவிழ்வது நுரையீரல், இதய நோயின் அடையாளமாக இருக்கலாம்; நுரையீரல் நோயோடு அதற்குள்ள தொடர்பு கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டிஸ் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. நகம் கரண்டிபோல் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கும்போது இது சின்ன விஷயம் அல்ல. பிறந்தது முதல் அப்படியே இருக்கும் நகத்துக்கு வைத்தியம் வேண்டாம். இடையில் மாறிய நகத்துக்கு மருத்துவர் வேண்டும். வெட்கப்பட்டு விரலை மறைப்பவர் அந்த மாற்றத்தை மருத்துவரிடம் காட்டும் வாய்ப்பையும் இழந்துவிடுகிறார்.

அகன்ற குட்டை நகத்தை விரல் நுனி அளவுக்கு வெட்டி ஓரங்களை மட்டும் மென்மையாக உருட்டிவிட்டால் போதும். கெட்டியாக வளைந்த நகத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சிறிது சிறிதாகக் களையலாம். கால்விரல் நகத்தை நேராக வெட்ட வேண்டும், அடித்தோலை வெட்டக்கூடாது, இரவில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் பிளவு குறையும். இவ்வளவுதான் பேணுதல். மீதி வேலை சுற்றியிருப்பவர்களுடையது. குழந்தையின் விரலைப் பார்த்துப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் நகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். தென்னாட்டு நகத்துக்கு வேலையைத் தாங்கும் சிறப்பு உண்டென்று காமசூத்திரம் சொன்னதை, மண்ணிலும் முந்திரியிலும் உழைக்கும் நம் ஊர்க் கைகளைப் பார்த்து நாமும் சொல்லப் பழக வேண்டும்.