விழியுள் ஓர் இதயச் செய்தி

நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டினையும் தேர்ந்தே நோயை நிச்சயித்தல் வேண்டும் என்பது சித்த வைத்திய மரபு. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தனவாகிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களைப் போற்றிவந்த யாழ்ப்பாணத்திலே இம்மரபு நெடுங்காலம் நிலைத்தது. எனினும், அவ்வைத்தியர் கண்டது விழியின் புறத்தையே. வெண்விழியின் மஞ்சளும் சிவப்பும் அவருக்குப் பொருளுணர்த்தின. கண்மணிக்கு அப்பாலுள்ள அகமோ இருளாகவே இருந்தது. அவ்விருள் நீங்கிய வரலாற்றையும், அதனால் இதயநோயை ஆராய்வார்க்குக் கிடைத்த பயனையும் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

கண்மணி கருமையாகத் தோன்றுவது ஏன்? உள்ளே புகும் ஒளி விழித்திரையிற் பட்டு, வந்த வழியே மீளுகின்றது. அம்மீளொளியைக் காண விரும்புவோன் அவ்வழியிலே தன் தலையை வைப்பானாயின், புகும் ஒளியைத் தானே மறைத்துவிடுகின்றான். இச்சிக்கலை அவிழ்த்தவர் கோனிக்ஸ்பேர்க் நகரத்துப் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் ஆவர். தம் மாணாக்கருக்கு இவ்வொளிநெறியை விளக்கப் பாடம் ஆயத்தஞ் செய்தபோதே அவருக்கு வழி புலப்பட்டது. சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டினால் விளக்கொளியை நோயாளரின் கண்ணுட் செலுத்தி, மீண்டுவரும் ஒளியை அத்தகட்டின் ஊடாகவே நோக்கினார். 1851 ஆம் ஆண்டில் அக்கருவியைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1847 இலேயே ஆங்கிலேய அறிஞர் பாபேஜ் இத்தகைய கருவியொன்றைச் செய்திருந்தார். ஆயினும், அதனைக் கண்ட வைத்தியர் அதன் பயனை உணராமையால் அது பேசப்படாது கிடந்தது. கருவி கிடைத்தால் மட்டும் போதாது, அதனை மதிக்கும் கண்ணும் வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

இப்புதுமைகள் ஐரோப்பாவிலே தோன்றிய அக்காலத்திலேயே நம் நாட்டிலும் ஒரு முயற்சி தொடங்கிற்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மறுவருடம் மானிப்பாயிலே வைத்தியக் கல்வியை ஆரம்பித்தார். பின்னர், அக்கல்வியைத் தமிழிலேயே புகட்டத் துணிந்து, அங்காதிபாதம், இரண வைத்தியம், மனுஷ சுகரணம் முதலாய நூல்களைத் தமிழில் ஆக்கினார். மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணாக்கர் தம் மொழியிலேயே கற்க அவரது முயற்சி வழிசெய்தது.

இனி, விழித்திரைக்குத் திரும்புவாம். உடலைக் கீறாமல் உயிருள்ள நுண்குழாய்களை நேரே காணத்தக்க இடங்களுள் விழித்திரை ஒன்றாகும். ஆகவே, கண்நோயைத் தேடியவர்கள் அங்கே உடல்நோயையும் கண்டனர். இலண்டன் வைத்தியர் மார்க்கஸ் கன் 1890 களில், நாடிகள் ஒடுங்குதலையும், அவை நாளங்களைக் கடக்குமிடத்து அழுத்துதலையும் விவரித்தார். 1939 இல் கீத், வாகனர், பாக்கர் என்னும் மூவர் உயர் குருதியமுக்கம் உடையோரின் விழித்திரை மாற்றங்களை நான்கு படிகளாக வகுத்தனர். தக்க மருந்தில்லாத அந்நாளில், நான்காம் படியினருட் பெரும்பாலோர் மூன்று ஆண்டுகளுள் இறந்தனர். கண்ணிற் கண்டது ஆயுளை உணர்த்திற்று.

இதயத்தின் நிலை வேறு. முடியுரு நாடிகளிற் சாயத்தைச் செலுத்தி எடுக்கும் அஞ்சியோகிராம் படத்திலே பெருங்குழாய்களே தெளிவாகத் தோன்றும். அரை மில்லிமீற்றரிலுங் குறைந்த நுண்குழாய்கள் தோன்றா. நோயோ அந்நுண்குழாய்களிலும் உண்டாகலாம். பெண்களிடத்தே அது மிகுதி. நெஞ்சுநோவோடு வந்த பெண்ணின் படத்தில் அடைப்பைக் காணாது, மனக்கவலையே காரணம் எனக் கூறி அனுப்பிவிடும் வழக்கம் பல நாடுகளில் இருந்துள்ளது. நோவு மெய்யாயிருக்க, அதனைச் சொல்பவர் பொய்யராக்கப்பட்டார்.

ஆராய்ச்சியாளர் விழித்திரையை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அமெரிக்காவின் நான்கு ஊர்களில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட முடிவிலே, விழித்திரை நாடிகள் ஒடுங்கிய பெண்களுக்கு இதயநோய் மிகுதியாக வந்தமை காணப்பட்டது. ஆண்களிடத்தே அத்தொடர்பு காணப்படவில்லை. பெண்களின் இதயநோயில் நுண்குழாய்களுக்குப் பங்குண்டு என்னும் கருத்தை இஃது வலியுறுத்திற்று.

கருவிகளும் வளர்ந்தன. 1961 முதல், கைநாளத்திற் சாயமேற்றி விழித்திரைக் குருதியோட்டத்தைப் படமெடுத்தனர். 1991 இல் விளக்கப்பட்ட ஒளிப்படல முறையின் வழிவந்த இன்றைய கருவிகள், ஊசியுஞ் சாயமுமின்றி அந்நுண்குழாய்களைக் காட்டுகின்றன. தமிழகத்துக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. 1976 இல் பதினொரு கட்டில்களோடு மதுரையில் டொக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையும், சென்னைச் சங்கர நேத்திராலயமும், நீரிழிவுக் கண்நோயைக் கணினிக்குக் கற்பித்த ஆராய்ச்சியிலே பங்குகொண்டன. அது 2016 இல் வெளிவந்தது. 2018 இல், வேறு நாட்டார் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விழித்திரைப் படங்களாற் பயின்ற கணினி, ஒருவரின் வயது, பால், புகைபிடித்தல், குருதியமுக்கம் ஆகியவற்றைப் படத்திலிருந்தே மதிப்பிட்டது.

ஆயினும், இங்கே நிதானம் வேண்டும். விழித்திரை இதயமன்று. நீரிழிவும் குருதியமுக்கமும் முதுமையும் விழித்திரைக் குழாய்களை மாற்றும். ஆதலால், அம்மாற்றம் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்பாகாது. இப்பரிசோதனை இதயப் பரிசோதனைகளுக்கு ஈடாக இன்னும் வழக்கில் வரவில்லை. விழிப்படம் நன்றாயிருக்கிறதென்று நெஞ்சுநோவை அலட்சியஞ் செய்தல், அஞ்சியோகிராம் படத்தை மட்டும் நம்பிய பழைய பிழையையே மீண்டுஞ் செய்தலாகும்.

எண்வகைத் தேர்விலே விழியோடு மொழியையும் நம் முன்னோர் சேர்த்து வைத்தனர். கருவி விழியைக் காணும். நோயாளரின் மொழியைக் கேட்டல் மனிதர் கடன். பாடம் புகட்ட முயன்ற ஓர் ஆசிரியரிடத்தே இக்கருவி பிறந்தது. நோயாளரின் மொழியிலேயே வைத்தியம் கற்பித்தல் வேண்டும் என்னும் எண்ணம் மானிப்பாயிலே வேரூன்றியது. இவ்விரண்டையும் நம் மாணவர் ஒருங்கே போற்றுவாராக.